மூன்று புள்ளியும் ஒரு சிலுவையும்

சின்னத்தங்கத்தின் சீதனக் கண்ணாடி பின்விறாந்தை மேசையில் மல்லாந்து கிடந்தது. அதன்மேல் தண்ணீரில் நனைத்த அரத்தாள். அரத்தாளின்மேல் ஒரு படகு எஞ்சினின் ஹெட். யாகோப்பு அதை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்து, அமுக்காமலும் நழுவ விடாமலும், எட்டு எழுதுவதுபோலச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். கரைந்த அலுமினியம் தாளின் ஓரத்தால் சாம்பல் நிறக் கஞ்சியாக வழிந்தது.

ஹெட் என்பது சிலிண்டரை மூடுகிற கனத்த அலுமினியத் துண்டு. உள்ளே ஓடுகிற கடல்தண்ணீர் நாளாக நாளாக உப்பைக் கல்லாக உறைய வைத்துவிடும். தண்ணீருக்கு வழியில்லாமல் எஞ்சின் கொதிக்கும். கொதித்தால் ஹெட் வளையும். மயிரிழை வளைந்தாலே இடையில் அடைப்பாக வைக்கிற காஸ்கெற் வெடித்துப் படகு கடலில் நின்றுவிடும். அதை மறுபடி சமமாக்கச் சமமான பரப்பொன்று வேண்டும். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் யாகோப்புக்குத் தெரிந்து அப்படி இருந்தது சின்னத்தங்கத்தின் அலுமாரிக் கண்ணாடி ஒன்றுதான். அவள் பூசைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றினார். அதன்பிறகு அவள் தலைவாருவது கைபேசியின் கறுத்த முகத்தைப் பார்த்துத்தான்.

"இஞ்சாருங்கோ, கொண்டையிலை பூ நேரா இருக்கே எண்டு பாக்க எனக்கு உங்கடை ஹெட்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டிக் கிடக்கு" என்றாள் சின்னத்தங்கம், தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தபடி.

"எந்த ஹெட்டை? இதையோ, என்ரையையோ?" யாகோப்பு தன் வழுக்கையைத் தடவினார். கையிலிருந்த சாம்பல் கஞ்சி அங்கே அப்பிக்கொண்டது. "ரெண்டும் ஒரே மினுக்கந்தான். என்ரையைத் தேய்ச்சது நீ."

கடற்கரையில் பிறந்தும் கடலுக்குப் போனால் சத்தி எடுக்கிற மனுஷன் யாகோப்பு. முதல்நாள் தகப்பனோடு போனபோது வலை இறங்குவதற்கு முன்னம் அவருடைய காலைச் சாப்பாடு கடலில் இறங்கியது. "மீனுக்குச் சாப்பாடு போட்ட ஒரே சம்மாட்டி நான்தான்" என்று அவரே சொல்லித் திரிவார். கரையில் நின்று செய்யக்கூடிய வேலையாகப் பார்த்து எஞ்சின் பக்கம் ஒதுங்கியவர். அந்தக் கரையில் அவர் கை படாத ஹெட் குறைவு.

தேய்த்து முடித்ததும் மாக்கரால் பரப்பின்மேல் குறுக்கும் மறுக்கும் கோடு கீறினார். மறுபடி சில சுற்றுத் தேய்த்துத் தூக்கிப் பார்த்தார். கோடுகள் எல்லா இடத்திலும் ஒன்றாக அழிந்திருந்தன. பள்ளம் இல்லை. ஹெட்டைத் திருப்பி, தண்ணீர் ஓடுகிற மேல்பக்கத்தில் துளையாணியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. ஒரு புள்ளி.

அது அவருடைய பழக்கம். ஒருமுறை தேய்த்தால் ஒரு புள்ளி. மறுமுறை வந்தால் பக்கத்தில் இன்னொன்று. தேயத் தேய ஹெட் மெலியும், மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் இடிக்கத் தொடங்கும். அதனால் மூன்று புள்ளிக்குமேல் தேய்க்கமாட்டார். நாலாம் முறை வருகிற ஹெட்டில் உளியால் ஒரு சின்னச் சிலுவை வெட்டி, சாகக்கிடக்கிறவருக்குக் கடைசித் தைலம் பூசுகிற சுவாமியார்போல, "அவஸ்தை பூசியாச்சு, இரும்புக்கடைக்குக் கொண்டுபோங்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆரம்பகாலத்தில், வேறு யாரோ தேய்த்துக் கெடுத்த ஹெட்டைத் தூக்கிக்கொண்டு ஒருவர் இவரோடு சண்டைக்கு வந்தார். தன் வேலை எது, மற்றவன் வேலை எது என்று தெரியட்டும் என்று அன்று தொடங்கிய புள்ளி. போகப்போக அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் சேர்ந்துவிட்டது. படம் கீறுகிறவன் மூலையில் பேர் எழுதுவதுபோல.

படலையில் தள்ளுவண்டில் இடிக்கிற சத்தம் கேட்டது. லவீனாவும் அவளுடைய தம்பி றஜிந்தனும் நின்றார்கள். வண்டிலில் நீலத் தறப்பாளால் மூடி ஓர் எஞ்சின் கிடந்தது.

"மாமா, இது நிண்டுபோச்சு" என்றாள் லவீனா.

லவீனாவின் புருஷன் போன வருஷம் நெஞ்சுவலியில் போனவர். இரண்டு பிள்ளைகள், கடைசிக்கு இன்னும் பால்பல் விழவில்லை. படகு மிஞ்சியது, எஞ்சின் ஆஸ்பத்திரிச் செலவோடு போய்விட்டது. றஜிந்தன் படகை ஓட்ட, அவள் கரையிலிருந்து வலையில் நண்டு கழற்றிச் சந்தைக்குக் கொடுத்துவந்தாள். பெண்கள் தலைமை தாங்குகிற குடும்பங்களுக்கென்று வந்த உதவித்திட்டத்தில் இந்த எஞ்சின் கிடைத்து இரண்டு மாதம்தான். பந்தல் போட்டு, குத்துவிளக்கேற்றி, எஞ்சினுக்கு மாலை போட்டுக் கொடுத்தார்கள். உதவியவர்களின் பேர் எழுதிய தகட்டுப் பலகை ஒன்றைப் படகில் பொருத்த ஆள் தேடியபோது, யாகோப்புத்தான் றிவெற் அடித்துக் கொடுத்தார். கூலியாக ஒரு லட்டும் தண்ணீர்ப் போத்தலும் கிடைத்தன.

"எங்கை நிண்டது?"

"மண்டைதீவுப் பக்கம்" என்றான் றஜிந்தன். "புகையில்லை மாமா, ஆவி. இடியப்பம் அவிச்ச மாதிரி. பேந்து ஒரு போட் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது."

யாகோப்பு தறப்பாளை விலக்கி மேல்மூடியைக் கழற்றினார். வெள்ளைப் பூச்சு மினுங்கியது. ஹெட் மூடியின் ஆணியொன்றின்மேல் ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது: அகற்றினால் உத்தரவாதம் செல்லாது. அவர் கையை எடுத்துவிட்டார்.

"பிள்ளை, இதுக்குக் கரன்ரி கிடக்கு. நான் தொட்டால் அது போயிடும். அவையளைக் கூப்பிடு."

"நாலைஞ்சு தரம் எடுத்திட்டன் மாமா. வாறம் வாறம் எண்டினம். நண்டு இப்பதான் படுது. இது போனால் பேந்து எப்ப?"

"இன்னுமொருக்கா எடு. என்ரை காது கேக்க எடு."

அவள் கைபேசியை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். திட்டத்துக்குப் பொறுப்பான அலுவலர் குகதாசன் பேசினார். களைத்த, மரியாதையான குரல்.

"அம்மா, கொம்பனி ஆள் கொழும்பிலையிருந்து வரவேணும். அடுத்த மாசம் பிறக்கும். அங்கை நல்ல மெக்கானிக் ஆரும் இருந்தால் என்னெண்டு பாருங்கோவன்."

"ஸ்ரிக்கர் ஒட்டிக் கிடக்கு சேர்."

"அதை நான் கதைக்கிறன். நீங்கள் பாருங்கோ."

யாகோப்பு இன்னும் கொஞ்சநேரம் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆணி கழற்றுகிற சாவியை எடுத்தார்.

ஆணிகள் இறுகிக் கிடந்தன. ஆணித்தலையின் குழிக்குள்ளும் பூச்சு நிறைந்திருந்தது. சாவி பட்ட இடத்தில் வெள்ளை உரிந்து, உள்ளே கறுப்பு. கறுப்பும் உரிந்து, அதற்குள் பழைய நீலம். மூடியைக் கழற்றியதும் உள்ளே தண்ணீர்ப் பாதை முழுவதும் உப்பு வெள்ளைக் கல்லாக அடைத்துக் கிடந்தது.

"ரெண்டு மாசப் பிள்ளைக்கு நரைச்சிருக்கு" என்றார்.

றஜிந்தன் சிரித்தான். யாகோப்பு ஹெட்டைக் கழற்றிக் கள்ளு வினாகிரிச் சட்டிக்குள் கொஞ்சம் ஊறவைத்தார். பிறகு பனஞ்சிராயால் சுரண்டினார். இரும்பு பட்டால் அலுமினியத்தில் கீறு விழும். மரம் பட்டால் உப்பு மட்டும் வரும். உப்பு செதில் செதிலாகக் கழன்றது. சின்னத்தங்கம் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். அவர் பெருவிரலால் தேய்த்தார். நிறுத்தினார். சட்டையில் துடைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

அதே இடத்தை நகத்தால் தடவினார். சின்னத்தங்கம் வாளியைக் கீழே வைத்தாள்.

"என்ன, விரலை வெட்டிப்போட்டியளே?"

அவர் ஹெட்டை அவளிடம் நீட்டினார். தண்ணீர்ப் பாதையின் ஓரத்தில் மூன்று புள்ளிகள். பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை.

"இது நீங்கள் குத்திறதெல்லே?"

"மூண்டாவது புள்ளியைப் பார். வால் வைச்சிருக்கு. கிறிஸ்ரோபர் பக்கத்திலை நிண்டு தேர்தல் கதை கதைச்சுத் துளையாணி வழுக்கினது. இது கிறிஸ்ரோபரின்ரை எஞ்சின் ஹெட். நான் சாகடிச்ச ஹெட்."

லவீனாவுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் வண்டிலின் விளிம்பில் இருந்துவிட்டாள்.

"அப்ப எனக்குத் தந்தது பழைய எஞ்சினே?"

"பழைய எஞ்சின் எண்டு சொல்லாதை. அது மரியாதையான சாமான். இது பிரேதத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டு விட்டிருக்கு."

"இதைக் காட்டினால்?"

யாகோப்பின் முகம் மெல்ல மலர்ந்தது. "காட்டினால் என்ன செய்யிறது? புதுசு தரத்தானே வேணும். இது என்ரை கையெழுத்து, பிள்ளை. இதை ஆர் மறுக்கிறது?"

அன்று பின்னேரம் அவர் சைக்கிளில் ஐந்துசந்திப் பக்கம் போனார். கிறிஸ்ரோபரைக் கேட்க வழியில்லை. அவர் சேமக்காலையில் அடக்கமாகிப் பல மாதமாகிறது. ஆனால் அந்த எஞ்சினை அவர் பழைய இரும்புக்கு விற்றது நஸ்ருதீனிடம்தான் என்பது யாகோப்புக்குத் தெரியும். நஸ்ருதீன் தராசுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, வயர்களை எரிக்காமல் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஓம், நல்ல ஞாபகம்" என்றார். "சிலுவை போட்டுக் கிடந்தது. என்னடா இது, எஞ்சினும் வேதத்துக்கு வந்திட்டுதோ எண்டு பகிடி பண்ணினனான். உருக்கிறதுக்கெண்டு கொழும்பு லொறிக்குக் குடுத்தன் யாகோப்பண்ணை. லொறிக்காரன் எஞ்சின் சாமானை மட்டும் வேறையா அடுக்கினவன். ஏன் எண்டு நான் கேக்கேல்லை."

"வந்து சொல்லுவியே?"

நஸ்ருதீன் கையிலிருந்த வயரைக் கீழே போட்டார். "சாட்சிக்கு என்னையா கூட்டிக்கொண்டு போறியள்? தொண்ணூறிலை துரத்துப்பட்டுத் திரும்பி வந்து, நானே இந்த ஊர் ஆள் எண்டு நிரூபிக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமே." பிறகு எழும்பிச் சாரத்தை உதறினார். "வாறன். சொல்லாமல் விடுறதும் சரியில்லை."

புள்ளிகளின் படத்தை லவீனா அனுப்பி வைத்ததும், அடுத்த மாதம் வரவேண்டிய கொம்பனி ஆள் அந்தக் கிழமையே வந்துவிட்டான். வெள்ளை வாகனம் படலையில் நின்றது. குகதாசன் முன்னால் வந்தார்; செருப்பைப் படியிலேயே கழற்றினார். பின்னால் வந்த கொம்பனிப் பெடியன் சப்பாத்தோடு ஏறினான். சின்னத்தங்கம் தேத்தண்ணி ஊற்றினாள், பக்கத்து வீட்டில் வாங்கிய பிஸ்கற்றும் வைத்தாள். நஸ்ருதீன் சுவரோரம் நின்றார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. லவீனா வெளுத்த சீலை கட்டி, கோயிலுக்குப் போகிறவள்போல வந்திருந்தாள்.

ஹெட் கண்ணாடியின் நடுவில், துடைத்த துணியின்மேல் இருந்தது. யாகோப்பு அதை நல்லாய்க் கழுவிப் பளபளக்க வைத்திருந்தார்.

குகதாசன் குனிந்து பார்த்தார். "இந்தப் புள்ளியளை ஆர் குத்தினது ஐயா?"

"நான்தான் சேர்."

"மூண்டும்?"

"மூண்டும் நான்தான். சிலுவையும் நான்தான்."

"ஒரு புள்ளி எண்டால் என்ன கருத்து?"

"ஒருக்காத் தேய்ச்சது. ஒவ்வொருக்காத் தேய்க்கேக்கையும் ஒண்டு குத்துவன். இந்தக் கரையிலை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்."

"வேறை ஆரும் இப்பிடிக் குத்திறவையே?"

"இல்லை சேர். யாழ்ப்பாணத்திலை வேறை ஒருத்தருக்கும் இந்த விசர் இல்லை."

கொம்பனிப் பெடியன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அது பேச்சைப் பதிந்துகொண்டிருந்தது.

"அப்ப ஐயா" என்றான் அவன், "எங்கடை எஞ்சினை நீங்கள் மூண்டு தரம் திறந்து தேய்ச்சிருக்கிறியள்."

யாகோப்பு சிரித்தார். "நான்தான் இந்த ஊரிலை பகிடிக்காரன் எண்டு பேர். நீர் என்னை வெண்டிட்டீர் தம்பி."

வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. யாகோப்பின் சிரிப்பு கொஞ்சநேரம் தனியாக நின்றுவிட்டுப் போனது.

"சேர்" என்று அவர் குகதாசன் பக்கம் திரும்பினார், "இது கிறிஸ்ரோபர் எண்ட ஒராளின்ரை ஹெட். இது பந்தலுக்கு வாறதுக்கு முன்னமே நான் தேய்ச்சு, இனிச் சரிவராது எண்டு சிலுவை போட்டது. உங்கடை எஞ்சினை நான் ஒரு நாள்தான் திறந்தனான். அதுவும் நீங்கள் சொல்லி."

"பாருங்கோ எண்டு சொன்னனான் ஐயா. கழட்டுங்கோ எண்டு சொன்னதா ஞாபகம் இல்லை."

"கழட்டாமல் எப்பிடிச் சேர் பாக்கிறது? நான் வைத்தியரே, நெஞ்சிலை குழாய் வைச்சுப் பாக்க?"

"கிறிஸ்ரோபர் எண்டவரைக் கூப்பிடுங்கோவன்."

"அவருக்கும் அவஸ்தை பூசியாச்சு" என்றார் யாகோப்பு. அது பகிடியாக வரவில்லை.

நஸ்ருதீன் சுவரை விட்டு முன்னால் வந்தார். "சேர், இந்தச் சாமான் என்ரை தராசிலை நிறுத்தது. நான்தான் கொழும்பு லொறிக்குக் குடுத்தனான். இதே சிலுவை."

"பில் இருக்கே?" என்றான் கொம்பனிப் பெடியன்.

"பழைய இரும்புக்கு ஆர் தம்பி பில் போடுறது?"

"அப்ப உங்கடை கடையிலையிருந்து இந்த ஹெட்டையும் பழைய பூச்சுத் தெரியிற ஆணியளையும் வாங்கி இவையே மாத்தியிருக்கவும் ஏலும்தானே. எங்கடை நல்ல ஹெட் எங்கை எண்டு இனி நாங்கள்தான் கேக்கவேணும்."

நஸ்ருதீன் அவனைப் பார்த்தார். யாகோப்பைப் பார்த்தார். "நான் சொன்னனான்தானே அண்ணை" என்று மட்டும் சொல்லி மறுபடி சுவரோரம் போனார்.

"உப்பு" என்றார் யாகோப்பு. அவருடைய கை மேசையைத் தடவியது. "சேர், உள்ளுக்கை கல்லாக் கிடந்த உப்பு. அது ரெண்டு மாச உப்பில்லை. வருஷக்கணக்கான உப்பு. அதை ஆரும் கொண்டுவந்து வைக்கேலாது."

"எங்கை ஐயா உப்பு?"

அவர் வாளியைப் பார்த்தார். வினாகிரிச் சட்டியைப் பார்த்தார். அது கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

"சுரண்டிப்போட்டன்" என்றார். "நீங்கள் வாறியள் எண்டு வடிவாத் துடைச்சு வைச்சனான்."

லவீனா இவ்வளவு நேரமும் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். அவள் குரல் உயரவில்லை.

"சேர், எனக்கு ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ. நான் ரெண்டு மாசத்திலை மூண்டு தரம் எஞ்சினைக் கடலிலை கொதிக்கவைச்சன். மூண்டு தரமும் ஒருத்தருக்கும் சொல்லாமல் இஞ்சை கொண்டுவந்து தேய்ச்சன். பேந்து நானே உங்களுக்கு அஞ்சாறு தரம் ஃபோன் எடுத்து, வந்து பாருங்கோ எண்டு கெஞ்சினன். பேந்து நானே படமும் எடுத்து அனுப்பினன். நான் அவ்வளவு விசரியே?"

குகதாசன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"அம்மா, எனக்கு உங்களிலை ஒரு கோபமும் இல்லை. நான் எதை எழுதிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ. புது எஞ்சின் எண்டு விலை கோரி, புது எஞ்சின் எண்டு வாங்கி, புது எஞ்சின் எண்டு ஏற்று, பெரிய ஆக்கள் வந்து தங்கடை கையாலை தந்தது. பழசு எண்டு நான் எழுதினால் அத்தனை பேரும் பதில் சொல்லவேணும். நானும்தான். நீங்கள் திறந்தது எண்டு எழுதினால்..." அவர் முடிக்கவில்லை.

"நான் மட்டும் பதில் சொன்னால் போதும்" என்றாள் லவீனா.

பிஸ்கற்றை ஒருவரும் தொடவில்லை. ஓர் எறும்பு மட்டும் தட்டின் விளிம்பைச் சுற்றி வந்தது.

முடிவு பத்து நாளில் வந்தது. உரிய பராமரிப்பின்றி, அனுமதியற்ற ஆளைக்கொண்டு பல தடவை திறந்தபடியால் வெளியிணைப்பு இயந்திரம் பயனாளியிடமிருந்து மீளப் பெறப்படும். எஞ்சின் இரண்டு வருஷத்துக்குப் பிறகுதான் அவள் பேருக்கு வரும் என்று பந்தலடியில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பந்தலடியில் அவள் பார்த்தது எஞ்சினுக்குப் போட்டிருந்த மாலையைத்தான்.

சின்ன லொறியில் கொம்பனிப் பெடியனும் குகதாசனும் வந்தபோது எஞ்சின் யாகோப்பின் விறாந்தையில் திறந்தபடியே கிடந்தது.

"எல்லாச் சாமானையும் பூட்டித் தாங்கோ ஐயா" என்றான் பெடியன். "ஹெட்டும்தான். ஒண்டும் குறையக்கூடாது."

"இந்த ஹெட்டைத்தான் நாங்கள் மாத்தினது எண்டீர். பேந்தேன் உமக்கு?"

"பதிவிலை ஒரு ஹெட் கிடக்கு. ஒரு ஹெட் போகவேணும்." அவன் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "அந்தப் புள்ளியளை ஒருக்கா அரத்தாலை எடுத்துவிடேலுமே?"

குகதாசன் கடல் இருக்கிற பக்கம் திரும்பி நின்றார்.

"அது தண்ணி ஓடுற பக்கம் தம்பி" என்றார் யாகோப்பு. "மூண்டு தரம் தேய்ச்சு ஏற்கெனவே மெல்லிசு. அரம் பட்டால் ஓட்டை விழும். அந்த ஓட்டையையும் நான் போட்டதெண்டுதான் எழுதுவியள்."

அவர் காஸ்கெற்றைத் துடைத்து வைத்தார். மூடியைப் பூட்டுவதற்கு முன்னம், பழக்கத்தில், கை துளையாணியை எடுத்துவிட்டது. இடக்கையில் துளையாணி, வலக்கையில் சுத்தியல். முனை அந்தச் சிலுவைக்குப் பக்கத்தில் போய் நின்றது. கொஞ்சநேரம் அங்கேயே நின்றது. பிறகு இரண்டையும் கீழே வைத்துவிட்டு ஆணிகளை எடுத்தார். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒழுங்கு தவறாமல் இறுக்கினார். செத்த ஹெட் என்பதற்காக அவர் அவசரப்படவில்லை.

லவீனா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் மாமா குத்தேல்லை?"

"குத்தினால் அந்தப் பழியும் அடுத்ததா இதை வாங்கிற ஆரோ ஒரு பிள்ளையின்ரை தலையிலை விழும்."

லொறிக்குள் ஏற்கெனவே வேறு சாமான்கள் இருந்தன. தறப்பாள் விலகிய இடத்தில் இரண்டு மூன்று எஞ்சின்கள் தெரிந்தன. சாரதி இறங்கி வந்து ஒரு பக்கத்தைத் தூக்கினான். "மேலை கொஞ்சம் உரிஞ்சு கிடக்கு. பூச்சு அடிச்சால் சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கயிற்றை இறுக்கினான்.

"சேர்" என்றார் யாகோப்பு. குகதாசன் வாகனத்தில் ஒரு காலை வைத்திருந்தார். "போட்டிலை அந்தத் தகட்டுப் பலகை கிடக்கு. நான்தான் றிவெற் அடிச்சது. அதையும் கழட்டித் தரட்டே? ஒண்டும் குறையக்கூடாதெல்லே."

"பலகை கிடக்கட்டும் ஐயா" என்றார் குகதாசன். அவர் யாகோப்பைப் பார்க்காமல்தான் சொன்னார். "திட்டம் முடியுமட்டும் அதைக் கழட்டக்கூடாது. வெளியிலையிருந்து ஆக்கள் வருவினம், படம் எடுக்க."

லொறி ஒழுங்கையால் திரும்பிப் போனது. நஸ்ருதீன் வந்து என்ன நடந்ததென்று கேட்டபோது சின்னத்தங்கம்தான் சொன்னாள். யாகோப்பு அடுத்த ஹெட்டை எடுத்துவைத்து அரத்தாளை நனைத்துக்கொண்டிருந்தார். அன்று தேய்த்து முடித்ததற்குப் புள்ளி குத்தவில்லை. மறுநாளும் குத்தவில்லை. "ஏன் ஐயா, அடையாளம் போடேல்லையே?" என்று ஒருவர் கேட்டதற்கு, "இப்ப நான் பேர் தெரியாத ஆள்" என்றார்.

நண்டு இன்னும் பட்டுக்கொண்டிருந்தது. எஞ்சின் இருந்தால் றஜிந்தன் ஒருவன் போதும். கம்பு ஊன்றிப் போக இரண்டு பேர் வேண்டும். விடிகிற நேரத்தில் லவீனா கடைசிப் பிள்ளையை நித்திரையோடு தூக்கிவந்து சின்னத்தங்கத்திடம் கொடுத்தாள். பிறகு சட்டையின்மேல் புருஷனின் பழைய சேட்டைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். யாகோப்பு இடுப்பளவுத் தண்ணீர் வரைக்கும் படகைத் தள்ளிக் கொடுத்தார்.

"சத்தி வரப்போகுது மாமா, நில்லுங்கோ" என்றாள் அவள்.

"இவ்வளவு ஆழத்துக்கு வராது. இதுக்கு அங்காலைதான்."

அவர் அங்கேயே நின்றார். றஜிந்தன் முன்னாலும் லவீனா பின்னாலுமாகக் கம்பை ஊன்றினார்கள். கம்பு சேற்றில் புதைந்தது. அவள் முழு உடம்பாலும் சாய்ந்து இழுத்தாள். படகு ஒரு முழம் போனது. எஞ்சின் பூட்டியிருந்த பின்பலகையில், இறுக்கிய இரும்புத்தட்டின் தடம் இரண்டு வட்டமாகப் பதிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், அவர் அடித்த நாலு றிவெற்றும் ஆடாமல், தகட்டுப் பலகை முதல் வெயிலில் மினுங்கியது. படகு தூரம் போன பிறகும் பெரிய எழுத்துகள் கரைக்குத் தெரிந்தன: வாழ்வாதார மேம்பாட்டுக்காக வழங்கப்பட்ட வெளியிணைப்பு இயந்திரம்.